‘வேண்டாத’ எச்சரிக்கைகள்: யாருக்கு வேண்டாதவை?

‘வேண்டாத எச்சரிக்கை’ என்ற சொற்சேர்க்கையோடுதான் எங்களுக்கு முதற் சண்டை. ஒரு எச்சரிக்கை வேணுமா வேண்டாமா என்று தீர்மானிக்க முதல் அதை வாசிக்க வேணும். வாசிக்காமலே வேண்டாதது என்று பெயர் வைத்து, ஒரு வரியில் அதன் வாயைக் கட்டி, “இப்ப வடிவா ஓடுது” என்று அடுத்த பட்ச்சிடம் கையளிக்கிற பழக்கம் ஒன்று இருக்கிறது. அந்தப் பழக்கத்தைத் திட்டத்தான் இதை எழுதுகிறோம்.

விசயம் பேர்ல் ஸ்கிரிப்ட் பற்றியது. கலைப்பீடத்துக்காரருக்கு ஏன் இந்த வேலை என்று கேட்பவர்கள் இருப்பார்கள், கேட்கட்டும். பழைய பத்திரிகை, சஞ்சிகை, துண்டுப்பிரசுரம் என்று குவிந்து கிடக்கும் தமிழ் எழுத்தைத் துப்புரவாக்கி, சொல் எண்ணி, ஆண்டுவாரியாக அட்டவணை போடுகிற வேலை இப்போது மொழியியலிலும் வரலாற்றிலும் ஊடகக் கற்கையிலும் வந்துவிட்டது. கையால் செய்ய ஏலாது. 1987இல் பேர்லை வெளியிட்ட லரி வோல் மொழியியல் படித்த ஆள். எழுத்தைப் பிடித்து வெட்டி ஒட்டுகிற வேலைக்கு அந்த மொழி இன்றைக்கும் கெட்டிக்காரத்தனமாகத்தான் நிற்கிறது. “பேர்ல் செத்துப்போச்சு” என்று சொல்பவர்களுக்குப் பிறகு வருகிறோம்.

பேர்லில் யாரும் எல்லாவற்றையும் தானே எழுதுவதில்லை. சீபான் என்ற பொதுக் களஞ்சியம் 1995 முதல் இருக்கிறது. எச்டிஎம்எல் பிரிக்க ஒன்று, அட்டவணைக் கோப்பு வாசிக்க ஒன்று என்று மற்றவர்கள் எழுதிவைத்த மொடியூல்களை எடுத்துப் பூட்டுவதுதான் வழக்கம். பூட்டியதும் சிலவேளை திரை நிறையச் சிவப்பும் மஞ்சளுமாக வரிகள் கொட்டும். இன்ன மொடியூல், இன்ன வரி, இன்ன குறை. எழுதியது நாங்கள் இல்லை. ஆனால் எங்கள் தரவை வைத்துக்கொண்டு எங்கள் முகத்தில் கத்துகிறது. இங்கேதான் சனத்துக்குப் பொறுமை போய்விடுகிறது.

எங்கள் கைக்கு வந்த ஸ்கிரிப்ட் அப்படிப் பொறுமை போன ஒருவருடையது. பட்ச் பட்ச்சாகக் கைமாறி வந்தது. அதை ஓட்டுகிற கட்டளையின் வாலில் ஸ்டாண்டர்ட் எரர் முழுவதையும் ‘டெவ் நல்’ என்ற குழிக்குள் தள்ளிவிடும் ஒரு துண்டு இருந்தது. பக்கத்தில் ஒரு குறிப்பு: இதை எடுக்க வேண்டாம். காரணம் இல்லை, திகதி இல்லை, எந்த மொடியூலின் எந்த எச்சரிக்கைக்காக என்றும் இல்லை. சாமி அறைக் கதவில் ஒட்டிய அறிவித்தல் மாதிரி.

ஏன் ஆட்கள் இந்தக் குழிவரைக்கும் போகிறார்கள் என்பது விளங்க வேணும். கெட்ட எண்ணத்தில் யாரும் போவதில்லை. முதலில் மரியாதையான வழியைத்தான் பார்க்கிறார்கள்: தங்கள் ஸ்கிரிப்டின் தலையில் ‘நோ வோர்னிங்ஸ்’ என்று ஒரு வரி. எச்சரிக்கை நிற்காது, அப்படியே வரும். காரணம் எளியது. 2000ஆம் ஆண்டு வந்த பேர்ல் 5.6இலிருந்து ‘யூஸ் வோர்னிங்ஸ்’, ‘நோ வோர்னிங்ஸ்’ இரண்டும் எழுதப்பட்ட இடத்துக்குள் மட்டுமே செல்லும். எந்தக் கோப்பில், எந்த அடைப்புக்குறிக்குள் எழுதினீர்களோ அந்த எல்லைக்குள்தான் அதன் அதிகாரம். பக்கத்து வீட்டு வானொலியை உங்கள் வீட்டு சுவிட்சால் நிற்பாட்ட ஏலாது. மொடியூல் எழுதியவர் தன் கோப்பில் எச்சரிக்கையைப் போட்டுவைத்தால் அது அவருடைய வீடு.

அதற்கு முந்திய வழி ஒன்றும் உண்டு: கட்டளை வரியில் டபிள்யூ என்ற கொடி. அது எல்லை பார்க்காது. உங்கள் கோப்பில் போட்டாலும், எச்சரிக்கை பற்றித் தன் பக்கத்தில் எதுவும் சொல்லிவைக்காத எல்லா மொடியூலுக்குள்ளும் புகுந்து தட்டியெழுப்பும். பழைய மொடியூல்கள் பல கத்துவது அதனால்தான். அந்தக் கொடியை எடுத்துவிட்டு, உங்கள் கோப்பில் மட்டும் ‘யூஸ் வோர்னிங்ஸ்’ போட்டாலே பாதிச் சத்தம் முறைப்படி அடங்கிவிடும். இதை ஒருவரும் சொல்லிக்கொடுப்பதில்லை. மரியாதையான வழி பலிக்காதபோது அடுத்ததாகப் பெரிய எக்ஸ் கொடி, அதற்கும் அடுத்ததாக ‘டெவ் நல்’ என்று ஏறிக்கொண்டே போகிறார்கள்.

கடைசிப் படி எவ்வளவு மோசம் என்பதைச் சொல்லியாக வேணும். எச்சரிக்கை மட்டும் அந்த ஓடையில் போவதில்லை. கோப்பைத் திறக்க முடியவில்லை, வட்டில் இடம் இல்லை, ஸ்கிரிப்ட் நடுவழியில் செத்துப்போனது என்று சொல்லும் செய்தியும் அதே ஓடையில்தான் வருகிறது. நூறு கோப்பு கொடுத்து அறுபதாவதில் ஸ்கிரிப்ட் விழுந்தால், அறுபதுக்கு முந்தியவற்றின் அட்டவணை அழகாக நிற்கும், மற்றவை இல்லாததே தெரியாது. மரண அறிவித்தலையும் சேர்த்து எரித்துவிட்டு வீட்டில் எல்லாரும் சுகம் என்கிறோம்.

இனித் தமிழுக்கு வருவோம். எங்களுக்குக் கோபம் அதிகம் வந்த இடம் இதுதான்.

தமிழ் எழுத்தோடு வேலை செய்கிற எவரும் பேர்லில் முதலில் சந்திக்கிற எச்சரிக்கை ‘வைட் கரக்டர் இன் பிரிண்ட்’. அகன்ற எழுத்து ஒன்றை, அதற்கு ஆயத்தப்படுத்தாத வாசலால் வெளியே தள்ளுகிறாய் என்பது பொருள். 255க்கு மேற்பட்ட எண் கொண்ட எழுத்தெல்லாம் பேர்லுக்கு அகன்ற எழுத்து. தமிழ் யூனிகோட் எழுத்து ஒவ்வொன்றும் அப்படித்தான். பிரஞ்சுக்காரனுக்கும் ஜேர்மன்காரனுக்கும் தங்கள் எழுத்தில் பெரும்பாலானவை 255க்குள் அடங்கிவிடும், அவர்கள் இந்தச் செய்தியை அதிகம் காண்பதில்லை. நாங்கள் ஒவ்வொரு வரியிலும் காண்கிறோம். ஆகவே எங்களுக்குத்தான் அது முதலில் ‘சத்தம்’ ஆகிறது, நாங்கள்தான் முதலில் அதை அடைக்கிறோம்.

இன்னொன்று. இந்த எச்சரிக்கை யாரும் கேட்காமலே வரும் வகை. ‘யூஸ் வோர்னிங்ஸ்’ போடாவிட்டாலும் வரும். பேர்ல் தானாகவே பாரதூரமானது என்று வகைப்படுத்தியிருக்கிற சிலவற்றில் இதுவும் ஒன்று. மொடியூல்காரர் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை, இருந்தும் மொழியே எழும்பிச் சொல்கிறது என்றால் ஒரு நிமிடம் நின்று காது கொடுத்தால் என்ன?

“ஆனா அவுட்புட் சரியாத்தானே இருக்கு” என்பார்கள். பல நேரம் இருக்கும், அதுதான் பொல்லாப்பு. எச்சரித்துவிட்டு, பேர்ல் உங்கள் எழுத்தை யூடிஎப்-8ஆகவே வெளியே விட்டுவிடும், திரையில் தமிழ் ஒழுங்காகத் தெரியும். சிக்கல் வருவது கலப்படத்தில். கட்டுரையின் உடலை ஒரு மொடியூல் முறைப்படி எழுத்தாக மாற்றித் தருகிறது, தலைப்பையோ கோப்பின் பெயரிலிருந்து வெறும் பைற்றுகளாக எடுக்கிறீர்கள். இரண்டையும் ஒட்டுகிறீர்கள். பேர்ல் அந்தப் பைற்று ஒவ்வொன்றையும் ஒரு லத்தீன் எழுத்து என்று எடுத்துக்கொண்டு மறுபடியும் குறியேற்றும். விளைவு எல்லாருக்கும் தெரிந்த அந்தக் குப்பை: தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர், திரும்பவும் ஏ, திரும்பவும் ஆர். உடல் தமிழ், தலை குப்பை. எங்கள் கைக்கு வந்த ஸ்கிரிப்ட் செய்து வைத்ததும் இதைத்தான். அட்டவணையில் தலைப்பு நிரலை யாரும் விரித்துப் பார்க்காததால் அது அங்கேயே கிடந்தது. எச்சரிக்கை மட்டும் ஒவ்வொரு ஓட்டத்திலும் குழிக்குள் நின்று சொல்லிக்கொண்டிருந்திருக்கும்.

இங்கே இன்னொரு போலிச் சிகிச்சையையும் சொல்லிவிட வேணும், ஏனென்றால் அதைச் செய்பவர்கள் தாங்கள் எச்சரிக்கையை மதித்ததாக நினைக்கிறார்கள். வெளியே போகும் வாசலில் மட்டும் யூடிஎப்-8 லேயர் ஒன்றைப் பூட்டிவிடுவது. ‘பின்மோட்’ என்று ஒரு வரி. எச்சரிக்கை உடனே நின்றுவிடும். குப்பை நிற்காது! உள்ளே வரும்போதே பைற்றை எழுத்தாக மாற்றாமல் வெளியே லேயர் போட்டால், அதுவும் வாயைக் கட்டுகிற வேலைதான், கொஞ்சம் படித்தவன் கட்டுகிற கட்டு. ‘அம்மா’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பாருங்கோ. 15 என்று பதில் வந்தால் நீங்கள் இன்னும் பைற்றுகளை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். 5 என்றால் யூனிகோட் குறிகளை எண்ணுகிறீர்கள்: அ, ம, புள்ளி, ம, அரவு. தமிழ் படித்த பிள்ளை சொல்லும் 3 வேணுமென்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது, பேர்லின் வடிவத்தேடலில் பெரிய எக்ஸைப் பயன்படுத்த வேணும். பைற்றாகவே கிடக்கிற கோப்பில் ‘சொல்லெழுத்து’ என்று தேடினால் ஒரு தமிழ்ச் சொல்கூட அகப்படாது. சொல் எண்ணுகிற ஆய்வுக்கு இது சின்ன விசயமா?

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, அது எங்கள் நாட்டுக்கே உரிய தலையிடி: பாமினி. இங்கே எத்தனையோ அச்சகங்களில், அலுவலகங்களில், பழைய சஞ்சிகைக் கோப்புகளில் இருப்பது பாமினியில் அடித்த எழுத்து. கண்ணுக்கு ‘அம்மா’. உள்ளே கிடப்பது ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எல்லாம் 255க்குள். ஆகவே பேர்ல் ஒரு சொல்லும் பேசாது. சொல்லை எண்ணச் சொன்னால் அரைப்புள்ளியில் வெட்டி, ‘அம்மா’வை இரண்டு சொல்லாக எண்ணித்தரும், அதுவும் சத்தமில்லாமல். ஒழுங்கான யூனிகோட் தமிழ் கத்தும், வேசம் போட்ட தமிழ் மௌனமாகப் போகும். மௌனத்தைத் தேகாரோக்கியம் என்று எடுப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். (இதை வைத்து அரசியல் உவமை ஒன்று எழுத எங்களில் சிலருக்கு ஆசை. வேண்டாம், பேர்ல் பேர்லாகவே இருக்கட்டும்.)

அடுத்தது ‘அன்இனிஷியலைஸ்ட் வலியூ’. பெறுமதி வைக்காத மாறியைப் பயன்படுத்துகிறாய் என்று சொல்லும். பேர்ல் எழுதுகிறவர்கள் அதிகம் வசைபாடுகிற எச்சரிக்கை இதுவாகத்தான் இருக்கும். மொடியூலின் 200ஆவது வரியில் வருகிறது என்று சொல்லும், நீங்கள் மொடியூல்காரனைத் திட்டுவீர்கள். ஆனால் அந்த வெறுமை எங்கிருந்து போனது? பெரும்பாலும் உங்கள் தரவிலிருந்து. ஆண்டு குறிக்காத இதழ் ஒன்று, ஆசிரியர் பெயர் இல்லாத பத்தி ஒன்று. வெறுமையை எண்ணாகக் கேட்டால் பேர்ல் 0 என்று எடுக்கும், எழுத்தாகக் கேட்டால் ஒன்றுமில்லை என்று எடுக்கும். ஆண்டுவாரியாக அடுக்கினால் திகதியில்லாத இதழ்கள் எல்லாவற்றுக்கும் முதல் வந்து நிற்கும். சராசரி ஆண்டு எடுத்தால் சுழியங்கள் அதைக் கீழே இழுக்கும். இந்தத் தீவில் திகதியில்லாத காகிதம் ஏன் திகதியில்லாமல் இருக்கிறது என்பதே ஒரு வரலாற்றுக் கேள்வி. பெயர் போடாமல் அச்சிட்டவை, முன்னட்டை போனவை, இடம்பெயரும்போது பாதி விட்டுவந்தவை. அந்தக் கேள்வியை எங்களிடம் கொண்டுவந்து தருவது ஒரு வெளியாள் எழுதிய மொடியூல். அதைத்தான் வேண்டாதது என்கிறோம்.

மூன்றாவது வகை, ‘இது கைவிடப்படப் போகிறது’ என்ற அறிவித்தல்கள். இதற்கு எங்கள் அனுபவம் தேவையில்லை, பெரிய இடத்து உதாரணம் இருக்கிறது. லினக்ஸ் கேர்னலின் பழைய பதிப்புகளில், அதைக் கட்டும்போது ஓடுகிற ‘டைம்கொன்ஸ்ட்’ என்ற சின்னப் பேர்ல் ஸ்கிரிப்ட் ஒன்று இருந்தது. அதில் ஒரு அணியை ‘டிஃபைன்ட்’ஆ என்று கேட்கிற வரி ஒன்று. அப்படிக் கேட்பது அர்த்தமில்லாதது, கைவிடப்படும் என்று பேர்ல் சொல்லிக்கொண்டு வந்தது. கேர்னல் கட்டும்போது கொட்டுகிற ஆயிரம் வரிகளுக்குள் அது ஒரு வரி, யார் பார்த்தார்? 2015இல் பேர்ல் 5.22 வந்தபோது எச்சரிக்கை பிழையாக மாறியது. பழைய கேர்னலைக் கட்ட முயன்றவர்களுக்கு, அண்ட்ரொயிட் போன்களுக்குத் தாங்களே கேர்னல் கட்டியவர்களுக்கும்தான், வேலை அந்த வரியோடு நின்றது. திருத்தம் என்னவென்றால் ஒரு சொல்லை அழிப்பது. அவ்வளவுதான். பழைய காலத்து ஸ்கிரிப்டைக் கையில் வைத்துக்கொண்டு கம்பஸ் லாப்பில் கணினி மாற்றும் நாளை எதிர்பார்த்திருக்கிற எங்களைப்போன்றவர்களுக்கு இது நல்ல செய்தி இல்லை.

நேர்மைக்காக ஒன்றைச் சொல்ல வேணும். உண்மையிலேயே சத்தமாக மட்டும் இருக்கிற எச்சரிக்கைகளும் உண்டு. ‘டீப் ரிகேர்ஷன்’ அப்படி ஒன்று. ஒரு செயல் திரும்பிவராமல் தன்னைத் தானே நூறு தடவை கூப்பிட்டால் பேர்ல் பயந்து கத்தும். முடிவில்லாத சுழற்சியோ என்ற சந்தேகம் அதற்கு. ஆழமாகப் பின்னிய எச்டிஎம்எல் பக்கம் ஒன்றைப் பிரித்துக்கொண்டு போகும்போது நூறு ஆழம் தாண்டுவது இயல்பு. அங்கே அடக்கலாம், அடக்கத்தான் வேணும். ஏனென்றால் பொய்க் கத்தல் நூறு வரி ஓடினால் நடுவில் வருகிற உண்மைக் கத்தலை யாரும் காணமாட்டார்கள். மொடியூல் எழுதுபவர்களிடமும் எங்களுக்கு மனத்தாங்கல் இருக்கிறது. தங்கள் எச்சரிக்கைக்கென ஒரு வகையைப் பதிந்து, பயன்படுத்துபவர் தன் பக்கத்திலிருந்தே பெயர் சொல்லி அதை மட்டும் அணைக்க வழிவிடும் வசதி பேர்லிலேயே இருக்கிறது. பலர் அதைத் தொடுவதில்லை. ‘வோர்ண்’ என்று கத்திவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஆகவே எங்கள் வாதம் ஒருபோதும் அடக்காதே என்பதல்ல. அடக்குவதென்றால் பெயர் சொல்லி அடக்கு என்கிறோம். பேர்லில் எச்சரிக்கையைக் கையில் ஏந்திப் பார்க்கும் இடம் ஒன்று இருக்கிறது, சிக் என்ற ஹாஷில் வோர்ண் என்ற திறப்பு. அதற்கு ‘லோக்கல்’ போட்டு, மொடியூலைக் கூப்பிடுகிற அந்த நாலு வரிக்கு மட்டும் ஒரு காவலாளியை நிறுத்தலாம். செய்தி இந்த வாசகமா, இந்த மொடியூலின் கோப்பிலிருந்து வருகிறதா என்று பார்த்து, ஆமெனில் விட்டுவிடு, இல்லையெனில் அப்படியே வெளியே சொல். அடைப்புக்குறி மூடியதும் காவலாளி போய்விடுவார். அடக்கியவற்றை எண்ணிவைத்து, ஓட்டம் முடிய எத்தனை அடக்கினோம் என்று ஒரு வரி அச்சிட்டால் இன்னும் நல்லது. நேற்று பன்னிரண்டு, இன்றைக்கு ஆயிரம் என்றால் ஏதோ நடந்திருக்கிறது. இதே காவலாளியை ஸ்கிரிப்டின் தலையில், லோக்கல் இல்லாமல், எதையும் பார்க்காமல் விழுங்கு என்று நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள். அது குழிக்குச் சொந்தக்காரன்.

“இவ்வளவுக்கு எங்க நேரம்? சூப்பர்வைசர் அட்டவணையைத்தான் கேக்கிறார்.” சரி. அட்டவணையைக் கேட்கிறவரும் தவறுதான் செய்கிறார். நேர்காணல் எடுத்தால் வினாக்கொத்தைப் பின்னிணைப்பில் போடச் சொல்கிற பீடம், ஆவணக்காப்பகத்துக்குப் போனால் கோப்பு இலக்கம் கேட்கிற பீடம், ஸ்கிரிப்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. எத்தனை நேர்காணலை விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்று வாய்மொழிப் பரீட்சையில் குடைகிறவர்கள், எத்தனை எச்சரிக்கையை அடக்கினீர்கள் என்று கேட்டதாக நாங்கள் கேள்விப்படவில்லை. பெறுமதி இல்லாத பதிவுகளை எப்படி நடத்தினோம் என்பது முறையியல். அதை மொடியூலின் தலையில் கட்டிவிட்டுத் தப்ப ஏலாது.

பேர்ல் செத்துப்போச்சு, பைதனுக்கு மாறுங்கோ என்பவர்களே, பைதன் நோட்புக்குகளின் முதற் செல்லைத் திறந்து பாருங்கோ. வோர்னிங்கை முழுக்க ‘இக்னோர்’ செய்யும் வரி எத்தனையில் இருக்கிறது? ஆர் எழுதுகிற சமூகவியல் நண்பர்களுக்கு ‘சப்ரெஸ் வோர்னிங்ஸ்’ என்று பெயரோடேயே ஒரு செயல் இருக்கிறது. எழுத்தை எண்ணாக மாற்றும்போது பெறுமதிகள் காணாமற்போயின என்று ஆர் சொல்வதை அதற்குள் போட்டுப் பொதிந்துவிடுகிறார்கள். மொழி மாறினால் பழக்கம் மாறும் என்ற நம்பிக்கை எங்களுக்கு இல்லை. பேர்லின் கையேட்டில் ‘குறைபாடுகள்’ என்ற பகுதியில், எச்சரிக்கைக் கொடி கட்டாயமாக்கப்படவில்லை என்பதையே ஒரு குறைபாடாக எழுதிவைத்திருக்கிறார்கள். பகிடியாகத்தான். ஆனால் பைதன்காரரும் ஆர்காரரும் தங்கள் கையேட்டிலும் அப்படி ஒன்றைச் சேர்க்கலாம்.

எங்கள் ஸ்கிரிப்டின் நிலவரம் இது. கட்டளையின் வாலை வெட்டியாயிற்று. கோப்புப் பெயர்களை உள்ளே எடுக்கும்போதே எழுத்தாக மாற்றுகிறோம், வெளியேயும் லேயர் இருக்கிறது, ‘வைட் கரக்டர்’ இப்போது வருவதில்லை. பாமினிக் கோப்புகளைத் தனியே பிரித்து யூனிகோட்டுக்கு மாற்றிய பிறகுதான் உள்ளே விடுகிறோம். ஆண்டில்லாத இதழ்களுக்கு அட்டவணையில் தனி வரிசை. ‘டீப் ரிகேர்ஷன்’ ஒன்றை மட்டும் அடக்கியிருக்கிறோம், எந்த மொடியூல், எந்தப் பதிப்பு, எந்தத் திகதி, ஏன் என்று மேலே நாலு வரி தமிழில் எழுதியிருக்கிறது. அந்த மொடியூலின் ஆசிரியருக்கு, அந்த எச்சரிக்கையை அவர் பக்கத்திலேயே அளவோடு அடக்கும்படி ஒரு சின்னத் திருத்தம் எழுதி அனுப்பினோம். பதில் இன்னும் வரேல்லை.